இரண்டு கும்பா புற்றுமண் தண்ணீர்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை என்னால் இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். மேசைக்கு வலப்பக்கம் மாட்டு டாக்டர். தலைமாட்டில் மயக்கமருந்துப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பவுண்டர். கால்மாட்டில், பின்னங்கால்கள் இரண்டையும் பிடித்தபடி நான். ஜன்னலோரம் எனாமல் பேசின் கிண்ணத்தோடு என் மனைவி. மேசைமேல் மல்லாந்தபடி எங்கள் நாய். வெளியே வேப்பமரத்தடியில் திருவேங்கடம் ஊர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், கழுத்துப் புண்ணோடு ஒரு காளையைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். அவரையும் சேர்த்தால் ஐந்து மனிதர், ஒரு நாய், ஒரு காளை. வேறு யாரும் இல்லை. இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், அன்று காலை நான் சொன்ன பொய்க்கு யார் யார் சாட்சி என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருப்பதுதான்.

அப்போது சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. ஆறு சைக்கிள். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவேன், பஞ்சர் ஒட்டுவேன், காற்றடிப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். ஆனால் நிம்மதியாக ஒரு நாள் கடை நடத்தியதில்லை. ஒட்டுப்போட்ட டியூபை மூன்று தடவை தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பேன். சைக்கிள்காரர் கிளம்பிப் போன பிறகும், அந்த ஒட்டு பாதி வழியில் விட்டிருக்குமோ, மனுஷன் வாசுதேவநல்லூர் ரோட்டில் வெயிலில் உருட்டிக்கொண்டு நடப்பானோ என்று மனசு அடித்துக்கொள்ளும். என் பிறவிக் குணம் அப்படி.

நாய், என் மனைவி கொண்டுவந்தது. அவளுடைய ஊர் கரிவலம்வந்தநல்லூர். ஒரு பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சேலை முந்தியில் பொதிந்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். செவலை நிறப் பெட்டை. பேர் ஒன்றும் வைக்கவில்லை. ‘ஏட்டி’ என்று அவள் கூப்பிடுவாள், அது வரும். பகலில் கடையில் சைக்கிள்களுக்கு நடுவே படுத்திருக்கும். வாடகைக்கு எடுத்தவர் திருப்பிக் கொண்டுவந்தால் வாலை ஆட்டும்; எடுக்காத ஆள் சைக்கிளைத் தொட்டால் பல்லைக் காட்டும். எனக்குக் கிடைத்த ஒரே காவல். எங்களுக்குக் குழந்தை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அந்த வருஷம் நாய் பருவத்துக்கு வந்து போய் ஒன்றரை மாதம் இருக்கும். வயிறு பெருத்தது. குட்டி என்று அவள் சந்தோஷப்பட்டாள். அப்புறம் பார்த்தால் சோற்றைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் ஓயாமல் குடித்தது. வைக்க வைக்கக் காலியாகும். ஓயாமல் வெளியே போய்வரும். பின்னால் ஒரு கெட்ட வாடை. ஒரு காலையில் எழுந்திருக்கவே சங்கடப்பட்டது. அன்று கடையைத் திறக்காமல், சைக்கிள் கேரியரில் ஓலைப்பெட்டியைக் கட்டி, அதில் நாயை உட்காரவைத்து மாட்டாஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயசு. மெட்ராஸில் படித்துவிட்டு வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு மெட்ராஸ் பக்கத்து வடக்கத்தித் தமிழ். வயிற்றை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, குட்டி இல்லை, கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறது என்றார். வயிற்றைத் திறந்து அந்தப் பையை எடுத்தால் பிழைக்கலாம், விட்டுவைத்தால் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். தான் இந்த ஊரில் இன்னும் இதைச் செய்ததில்லை என்றும், காலேஜில் பெரிய டாக்டர் செய்யும்போது பக்கத்தில் நின்றிருப்பதாகவும் மறைக்காமல் சொன்னார். மறுநாள் காலையில் கொண்டுவரச் சொன்னார். சாயங்காலத்திலிருந்து சோறு கூடாது. விடிந்த பிறகு தண்ணீரும் கூடாது. வருவதற்கு முன்னால் ஒண்ணுக்குப் போகவைத்துக் கூட்டிவர வேண்டும். இந்த மூன்றையும் அவர் விரல்விட்டுச் சொன்னார். நானும் விரல்விட்டுத் திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் விடியும்போது நாய் கயிற்றில் கட்டியபடி இருந்தது. அவிழ்த்துவிட்டால் ஓடிப்போய்க் குப்பையில் எதையாவது தின்றுவிடுமோ என்ற பயத்தில் முந்தின சாயங்காலத்திலிருந்து நான்தான் கட்டிப்போட்டிருந்தேன். அது கயிற்றில் இருந்தால் ஒண்ணுக்குப் போகாது. வீட்டுக்குப் பின்னால் பருத்திக்காட்டு ஓரம், தனியாகப் போய்த்தான் பழக்கம். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்று என் நினைப்பெல்லாம் அது ஓடிப்போய்விடக் கூடாதே என்பதில்தான் இருந்தது.

முந்தின நாள் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பிரசாதமான புற்றுமண் எடுத்துவந்திருந்தேன். எங்கள் ஊரில் காய்ச்சல், சிரங்கு, கண்வலி எதுவானாலும் முதல் மருந்து அதுதான். அன்று காலை, நாயின் நெற்றியில் இட்டால் போதும் என்று மனைவி சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் இட்டேன். இட்ட பிறகு, உள்ளே இருக்கிற சீழுக்கு வெளியே இட்டால் எப்படிப் போய்ச் சேரும் என்று ஒரு சந்தேகம் வந்தது. கும்பாவில் தண்ணீர் எடுத்து, மண்ணைக் கரைத்து வைத்தேன். நாய் ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. இன்னொரு கும்பா கரைத்து வைத்தேன். அதையும் குடித்தது.

தண்ணீர் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை யார் நம்புவார்களோ தெரியாது. அம்மன் சந்நிதிப் பொருளைக் கொடுக்கிறேன் என்றுதான் இருந்தது. தண்ணீர் என்பது வேறு.

ஆஸ்பத்திரி வாசலில் காளையோடு நின்ற சம்சாரி, ஓலைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார். சொன்னேன். அவர் காளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, “நாய்க்கா வே வயித்தக் கீறப் போறாவ? எங்க ஊர்ல மனுசனுக்கே கீற ஆளில்ல. இது முடிஞ்சு என் மாட்டப் பாக்கதுக்குள்ள அதுக்குப் புண்ணு தானா ஆறிரும்” என்றார். கம்பவுண்டர் உள்ளேயிருந்து, அப்படி ஆறிவிட்டால் காளைக்குச் செலவு மிச்சம்தானே என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் வந்து கேட்டார், தண்ணீர் ஏதும் கொடுத்தீர்களா என்று. இல்லை சார் என்றேன். அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரிந்து அது பொய்யில்லை. அடுத்து, “ஒண்ணுக்குப் போச்சா? போகலேன்னா பரவாயில்லை, வெளியே கொஞ்சம் நடத்திட்டு வாங்க. நான் காத்திருக்கேன்” என்றார்.

எவ்வளவு நல்ல மனுஷன். காத்திருக்கிறேன் என்று சொல்கிறார். எனக்குப் பின்னால் சம்சாரி இருமினார். நேரமாகிறது என்று இருமுகிற மாதிரி எனக்குப் பட்டது. சர்க்கார் உத்தியோகஸ்தரைக் காக்கவைப்பதா? போகவைக்கச் சொன்னதை ஏன் செய்யவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்போடு ‘படிச்சியா’ என்று கேட்டால், படிக்காதவனும் ‘படிச்சேன் சார்’ என்றுதான் சொல்வோம். இல்லை என்றால் அடி உடனே விழும், ஆமாம் என்றால் கொஞ்சம் கழித்து விழும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகச் சொல்வதுதான். அதே வாய்தான் அன்றும் சொன்னது.

“போச்சு சார்.”

மயக்கமருந்து ஏறும்போது நாய் கால்களை உதைத்தது. ஒருதரம் வாயிலெடுத்தது. கலங்கின செம்மண் தண்ணீர். நான் கொடுத்ததும் தண்ணீர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் அந்நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் பஞ்சால் துடைத்து, பஞ்சை ஒரு பார்வை பார்த்து, வாளியில் போட்டார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் நாயின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொப்புளுக்குக் கீழே டாக்டர் கத்தியை வைத்தார். தோல் பிரிந்தது. ரத்தம் நான் பயந்த அளவு இல்லை. அடுத்த கீறலில் உள்ளேயிருந்து ஏதோ பீய்ச்சியடித்து அவருடைய சட்டையில் பட்டது. சூடான வாடை. எனக்கு அந்த வாடை தெரியும். நாய் வளர்க்கிற எவனுக்கும் தெரியும். சீழ் வாடை இல்லை அது.

டாக்டரின் கை அப்படியே நின்றது. “மூத்திரப்பை” என்று மெதுவாகச் சொன்னார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. “இவ்வளவு நிறைஞ்சு மேலே வந்து நிக்குதே.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு நாயின் கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மனைவி பேசினை நீட்டினாள்.

சீழ் கோத்த பையை எடுக்கிற வேலை ஒருபக்கம், இந்தக் கீறலைத் தைக்கிற வேலை ஒருபக்கம் என்று ஆகிவிட்டது. கர்ப்பப்பையைக் கட்டி எடுத்து மனைவி பிடித்த பேசினில் வைத்தார். அது எவ்வளவு இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. அப்புறம் மூத்திரப்பையை வெளியே எடுத்து, ஆட்டுக்குடலில் செய்த நூலால் தைத்தார். தைத்து முடித்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரைச் சிரிஞ்சால் அந்தப் பைக்குள் ஏற்றினார். பை உப்பியது. தையலின் ஒரு முனையில் ஒரு சொட்டு முத்துப்போலத் திரண்டு நின்றது.

என்ன செய்கிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வருகிறதா என்று நான் பார்ப்பதைத்தான் அவர் பார்க்கிறார். விளங்கியது பெரிய தப்பாகப் போயிற்று. விளங்காமல் இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஒட்டு எப்படி விடும், எப்போது விடும், பார்க்கும்போது நன்றாக இருந்தது பத்து மைல் போன பிறகு எப்படி விடும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

அந்த முனையில் இன்னொரு தையல் போட்டார். மறுபடி ஏற்றினார். சொட்டு வரவில்லை. இன்னும் ஒருதரம் பாருங்கள் சார் என்று கெஞ்ச வேண்டும்போல் இருந்தது. அவராகவே இன்னொரு தரம் பார்த்தார்.

வயிற்றை மூடிய பிறகு எங்களை வராந்தாவுக்கு அழைத்துப்போய் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. தையல் பிடித்தால் நாய் வழக்கம்போல ஒண்ணுக்குப் போகும், முதலில் சிவப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். தையல் விட்டால் மூத்திரம் வயிற்றுக்குள்ளேயே இறங்கும், வயிறு உப்பும், வாந்தி எடுக்கும். இன்னொன்றும் சொன்னார், சொல்லாமல் விட்டிருக்கலாம். சிறுநீரகத்திலிருந்து அந்தப் பைக்கு நூல்போல இரண்டு குழாய் வருகிறது. எல்லாம் நனைந்து கிடந்ததால், கர்ப்பப்பையைக் கட்டும்போது அதில் ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டேனோ என்று எனக்கே நிச்சயமில்லை என்றார். பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன், ஆனாலும் நிச்சயமில்லை. பிறகு கீழே பார்த்துக்கொண்டு, “என் கைத்தப்புங்க. மன்னிச்சுக்கோங்க” என்றார்.

படித்த மனுஷன், ஐந்தாம் வகுப்புக்காரனிடம். நான் பரவாயில்லை சார் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அது. கீறல் போட்டது அவர் கை, பையை நிறைத்துக் கத்திக்கு நேராக நிறுத்தினது நான். அதை விட்டுவிட்டு, பெருந்தன்மைக்காரன் மாதிரிப் பரவாயில்லை என்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த, புண்ணுக்குப் போடுகிற சல்ஃபா பவுடர் இதற்குப் போதாது, பென்சிலின் போட வேண்டும் என்றார். சர்க்கார் ஸ்டாக்கில் அது இல்லை. கம்பவுண்டரை அனுப்பி, பஜார் மருந்துக்கடையில் ஐந்து பாட்டில் தன் காசில் வாங்கிவரச் சொன்னார். நான் மடியில் கை வைத்தேன். அவர் தடுத்துவிட்டார். பையில் கீறல் விழாமல் இருந்திருந்தால் இந்த ஊசி வேண்டியிருக்காது, அதற்கு நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்குமேல் படுக்கவைத்தோம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மனைவி கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள். அரைமணிக்கு ஒருதரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். உப்பின மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத மாதிரி இருக்கும். ஒரு நூலை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். அடுத்த அளவில் முடிச்சு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. எனக்கு உயிரே போய்விட்ட மாதிரி இருந்தது. மனைவி பார்த்துவிட்டு, “மூச்ச இழுக்கும்போது ஒருக்கா அளக்கிய, விடும்போது ஒருக்கா அளக்கிய. அத வச்சுக்கிட்டு ஏன் இப்படி வெலவெலத்துப் போறீய?” என்றாள். நூலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம்வரை ஒன்றும் இல்லை. சாக்கு காய்ந்தே கிடந்தது. நான் நாலு தரம் அதைத் தடவிப் பார்த்தேன். வெயில் சாயும் நேரத்தில் நாய் முன்னங்காலை ஊன்றி எழுந்தது. ஆடி ஆடிப் பின்வாசலுக்குப் போனது. நான் பின்னாலேயே போனேன். மனைவி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். நீங்கள் பார்த்தால் அது போகாது என்றாள். இரண்டு பேரும் கதவுக்கு இந்தப்பக்கம் நின்றோம். பருத்திக்காட்டு ஓரம் அது குனிந்தது. திரும்பி வந்ததும் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கரிசல் மண்ணில் ஈரம், விளிம்பில் லேசான சிவப்பு. உள்ளங்கையகலம்தான். குத்தவைத்து அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் அந்த இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று கட்டுப்பட்டிருந்தால்? நாய் ஏப்பம் விட்டால்கூட வாந்தியோ என்று எழுந்து ஓடுவேன். ஐந்து நாள் ஊசிக்குப் போனோம். டாக்டர் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு முன்னாலேயே வாசலில் நின்றார். மூத்திரம் எப்படி, சோறு தின்றதா, வாந்தி உண்டா என்று என்னைக் கேட்பார். நான் பதில் சொல்வேன். எல்லாம் உண்மையான பதில். அந்தப் பதில்களோடு அந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்துத்தான் போவேன். நாளைக்கு, ஊசியெல்லாம் முடிந்த பிறகு, தையல் பிரிக்கிற அன்றைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மை தெரிந்து, போடுகிற ஊசியை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிந்தும் பயம்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார். அன்றும் சொல்லவில்லை. நாய் கடைக்கு வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது.

மூன்று மாதம் இருக்கும். பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் பேச்சோடு பேச்சாக, தன் நாய்க்கும் வயிறு வீங்கி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார். வயிற்றைத் திறக்கிற வேலையைத் தான் செய்வதில்லை, தன் கை அதற்குச் சரிப்படாது, மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாயை எப்படி மெட்ராஸுக்குக் கொண்டுபோவது? அது செத்துப்போயிற்று என்றார். நான் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். குமிழ் வருகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கும்பாவையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “அந்த மனுசன் தன் கைதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டுல்லா இருக்காவ. போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்த மருந்துக் காசையும் குடுத்திருங்க” என்றாள்.

மருந்துக்கடையில் விலை கேட்டேன். பாட்டில் இரண்டே கால் ரூபாய். காசைச் சேர்க்கப் பதினைந்து நாள் ஆனது. பயத்தைத் தாண்ட இன்னொரு வாரம். ஒரு திங்கட்கிழமை காலை காசைத் துணியில் முடிந்துகொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் வேறு டாக்டர் உட்கார்ந்திருந்தார். வயசானவர். முந்தின வாரம்தான் பழையவருக்கு மாற்றல் ஆனதாம். கம்பவுண்டர் என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். எந்த ஊருக்கு மாற்றல் என்று கேட்டேன். ஆர்க்காட்டுப் பக்கம் என்றார்கள், அப்புறம் அதுவும் மாறிவிட்டது என்றார்கள், சரியாகத் தெரியவில்லை என்றார்.

நான் விஷயத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்குத் தெரியும் வே. அன்னைக்கு அது வாயில வந்தது புத்துமண்ணுத் தண்ணி. நாந்தானே தொடச்சேன்.”

“பெறவு ஏன் அண்ணாச்சி அவரிட்டச் சொல்லல?”

அவருடைய நெற்றியிலும் அன்று காலை இட்ட புற்றுமண் இருந்தது, காய்ந்து உதிர்ந்துகொண்டு. “நீரு சொல்லுவீருன்னு பாத்தேன்” என்றார். “பத்து நாளும் பாத்தேன்.”

காசு முடிச்சை அவரிடம் நீட்டினேன். டாக்டர் வந்தால் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. அதை மட்டும் கொடுத்தால் போதாது, எதற்கு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதை நான் எப்படிச் சொல்ல முடியும் என்றார்.

நாய் இன்னும் ஆறு வருஷம் இருந்தது. கடைசிவரை அது பின்வாசலுக்குப் போய்வந்தால் நான் ஈரத்தைப் போய்ப் பார்ப்பேன். இதை எழுதச் சொன்னவள் என் மனைவிதான். அந்த டாக்டரும் தமிழ் படிக்கிறவர்தானே, எங்காவது அவர் கண்ணில் படலாம் என்கிறாள். பட்டால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: அன்று காலை நாய் ஒண்ணுக்குப் போகவில்லை, அதற்கு மேல் நான் இரண்டு கும்பா தண்ணீரும் கொடுத்திருந்தேன், உங்கள் கை தப்புச் செய்யவில்லை. ஐந்து பாட்டில் பென்சிலின், பாட்டில் இரண்டே கால் ரூபாய் வீதம், நான் உங்களுக்குத் தர வேண்டியது பதினோரு ரூபாய் நாலணா.